முகத்துவாரத்துக்கு 100 கஜம்

ஈட்டி பிடித்துக் கடலில் இறங்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லோரும் முதல் நாள் கேட்பது ஒன்றுதான்: மீன் எங்கே நிற்கும்? கலிபோர்னியாவின் வடகரையில், ஜென்னருக்கும் ஃபோர்ட் ப்ராகுக்கும் இடைப்பட்ட குடாக்களில், மூச்சடக்கி மூழ்குகிறவர்களுக்கு வழிகாட்டுவது என் தொழில். வந்தவர்களை நான் முதலில் கூட்டிப்போவது மீன் நிற்கும் பாறைக்கு அல்ல. பக்கத்தில் எந்த ஆறு, எந்த ஓடை கடலில் விழுகிறதோ அந்த மணலுக்கு. நமக்கு இல்லாத தண்ணீர் எது என்று தெரிந்த பிறகுதான் நமக்கு உள்ள தண்ணீரைப் பற்றிய பேச்சு.

விதி ஒரே வரி. வென்ச்சுரா கவுண்டிக்கு வடக்கே, கடலில் விழும் எந்த ஓடையின் முகத்துவாரத்திலிருந்தும் 100 கஜத்துக்குள் ஈட்டி மீன்பிடிக் கருவியைப் பயன்படுத்தக் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. லிங்காட் எத்தனை அங்குலம் இருக்க வேண்டும், ராக்ஃபிஷ் எத்தனை பிடிக்கலாம் என்று சொல்லும் பக்கங்களைத்தான் எல்லோரும் மடித்து வைத்திருப்பார்கள். இந்த வரியை யாரும் அடிக்கோடிட்டு நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் இந்தக் கரையில் ஓடை இல்லாத குடா அபூர்வம். மலைச்சரிவு கடல்வரை வந்து நிற்கிறது. அதன் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு தண்ணீர் இறங்குகிறது. பெரிய ஆறு, பெயர் பெற்ற ஆறு என்றெல்லாம் விதி பிரிக்கவில்லை. கணுக்கால் நனையும் ஓடைக்கும் அதே 100 கஜம்தான்.

1990களின் நடுவில் நான் இங்கே ஒரு டைவ் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது ஈட்டி இரண்டாம்பட்சம். அபலோனி என்ற பெரிய கடல் நத்தைதான் எல்லாம். அதை எடுக்கச் சிலிண்டர் கூடாது, மூச்சடக்கித்தான் இறங்க வேண்டும். ஓடு 7 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. சனி, ஞாயிறு விடியற்காலையில் நெடுஞ்சாலை ஓரமெல்லாம் வண்டிகள் நிற்கும். வெட்சூட் வாடகைக்குக் கொடுப்பது, வாங்கியதைக் கழுவிக் காயப்போடுவது, ஈயக்கட்டி எண்ணுவது என்று எங்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. அபலோனியை எடுத்து முடித்தவர்கள் கரை திரும்பும் வழியில் ஒரு லிங்காடோ கேபசானோ கிடைத்தால் குத்திக்கொண்டு வருவார்கள். கரை திரும்பும் வழி என்பது பெரும்பாலும் ஓடை வாய். பாறை இல்லாமல் மணலாக, அலை தணிந்து இருப்பது அந்த ஒரு இடம்தான்.

கடை முதலாளிக்கு அப்போதே அறுபதைத் தாண்டிய வயது. பேச்சு குறைவு. முதல் வாரமே என்னை ஒரு சின்ன ஓடையின் வாய்க்குக் கூட்டிப்போனார். தண்ணீர் மணலைக் கிழித்துக்கொண்டு அலையோடு சேரும் இடத்தில், ஈரம் முடியும் விளிம்பில், கரை ஒதுங்கிய கட்டை ஒன்றை நட்டார். அங்கிருந்து கரையோரமாக நடக்கச் சொன்னார். 100 கஜம் என்றால் 300 அடி, சுமார் 91 மீட்டர். என் நடைக்கு அது எத்தனை எட்டு என்பது என் காலுக்கே தெரிந்திருக்க வேண்டும் என்றார். நடந்து முடித்து நின்றேன். ‘இன்னும் 30 எட்டு போ’ என்று கையைக் காட்டினார். ‘சட்டம் 100 என்கிறது. அலை உன்னைத் தள்ளும்போது அதைப் படித்துவிட்டுத் தள்ளாது.’

அந்தக் கட்டையை மறுவாரம் வந்து தேடினால் இருக்காது. கட்டை மட்டுமல்ல, வாயே அங்கே இருக்காது. குளிர்காலப் புயல் ஒன்று அடித்தால் வடக்கே இருந்த மணல் திட்டு தெற்கே போய்விடும். தண்ணீர் புதிதாக ஒரு வழி பார்த்துக்கொண்டு கடலில் சேரும். போன தடவை கூகுள் வரைபடத்தில் அளந்து வைத்தேன் என்று போனைக் காட்டுகிறவர்கள் உண்டு. அந்தப் படம் எந்த மாதம் எடுத்தது என்று கேட்பேன். அளக்க வேண்டியது இன்று காலை ஓடும் தண்ணீரிலிருந்து.

குவாலாலா ஆறு சோனோமா கவுண்டிக்கும் மென்டசீனோ கவுண்டிக்கும் எல்லை. கோடையில் அங்கே போனால் ஆறு கடலைத் தொடுவதே இல்லை. மழை நின்று நீர்வரத்து குறைந்ததும் அலை மணலைக் குவித்து வாயை அடைத்துவிடும். உள்ளே ஆறு குளம் கட்டி நிற்கும். பல சின்ன ஓடைகளும் இப்படித்தான். ‘வாயே இல்லை, பிறகு எதிலிருந்து 100 கஜம்?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மணல்மேட்டுக்கு அடியில் நன்னீர் கசிந்துகொண்டே இருக்கிறது. மேடு எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கேதான் மழைக்கு உடையும். அது எந்த இடம் என்று கோடையில் யாரும் அறுதியிட முடியாது. ஆகவே அடைத்திருக்கும் மாதங்களில் மேட்டின் முழு நீளத்தையும் வாய் என்று வைத்துக்கொண்டு இரு முனையிலிருந்தும் அளக்கச் சொல்வேன். இது சட்டத்தில் எழுதியதல்ல, என் கணக்கு. இதனால் நல்ல பாறை ஒன்றிரண்டு கைவிட்டுப் போகும். போகட்டும்.

தண்ணீரில் இறங்கிவிட்டால் கண்ணை நம்ப முடியாது. தலை மட்டும் வெளியே தெரிய மிதக்கிறவருக்கு 60 கஜமும் 120 கஜமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தண்ணீருக்கடியில் மாஸ்க் வழியே பார்க்கும்போது எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், கிட்டத்தில் இருப்பதாகவும் தோன்றும். அதனால் இறங்குமுன் கரையில் இரண்டு அடையாளம் பிடித்துக்கொள்ள வேண்டும்: அலையோரம் ஒரு பாறை, அதன் பின்னால் மேட்டில் ஒரு சைப்ரஸ் மரம். இரண்டும் ஒரே நேர்கோட்டில் வந்தால் எல்லைக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம். நம் பக்கத்துக் கட்டுமரக்காரர்கள் கோபுரத்தையும் பனையையும் சேர்த்து வைத்துப் ‘பார்’ என்னும் கடலடிப் பாறையைக் கண்டுபிடிக்கிறார்களே, அதே வித்தைதான். மூச்சு வாங்க மேலே வரும் ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டையும் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால் போதும்.

காற்றையும் பார்க்க வேண்டும். வசந்தத்திலும் கோடையிலும் இங்கே வடமேற்குக் காற்று வீசும். மதியத்துக்கு மேல் அது எழுந்தால் மிதக்கிறவரைத் தெற்கே தள்ளும். முகத்துவாரத்துக்கு வடக்கே இறங்கினால், ஒவ்வொரு முழுக்குக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அதை நோக்கியே நகர்ந்துகொண்டிருப்போம். மீன் மேல் கவனம் இருக்கிறவருக்கு அது தெரியாது. தெற்கே இறங்கினால் அதே காற்று நம்மை விலக்கிக்கொண்டு போகும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பாறை இருந்தால் நான் தெற்கேதான் இறங்குவேன்.

சில வருடங்களுக்கு முன் ஓர் அக்டோபரில், வண்டி நிறுத்துமிடத்தில் வீட்டுக்குப் போன் பேசிக்கொண்டிருந்தேன். தமிழைக் கேட்டு இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். ஃப்ரீமான்டில் மென்பொருள் வேலை. கையில் மீன்வள வார்டன் எழுதிக்கொடுத்த சம்மன் சீட்டு, முகம் செத்துப்போயிருந்தது.

‘ஒரு மீன்கூட சுடலைண்ணா. ஈட்டித் துப்பாக்கி ரப்பரை இழுத்து மாட்டக்கூட இல்ல. அந்தப் பக்கத்துப் பாறைக்கு நீந்திப் போயிட்டிருந்தோம், அவ்வளவுதான்.’

‘எங்க இறங்குனீங்க?’

‘இதோ, இந்த ஓடை பக்கத்துல. இங்கதானே மணலா இருக்கு.’

‘துப்பாக்கி?’

‘கையிலதான் இருந்துச்சு.’

‘அப்ப அதுக்குத்தான் தம்பி. சுட்டீங்களான்னு விதி கேக்கலை. அந்த எல்லைக்குள்ள வச்சிருந்தீங்களான்னுதான் கேக்குது.’

அவர்கள் பொய் சொல்லவில்லை என்பது எனக்கும் தெரிந்தது, மேட்டில் தொலைநோக்கியோடு நின்ற வார்டனுக்கும் தெரிந்திருக்கும். லைசென்ஸ் இருந்தது, பையில் மீன் இல்லை. ஆனாலும் அந்த விதி அப்படித்தான் இருக்க முடியும் என்று நான் நம்புகிறேன். தண்ணீருக்கடியில் நடப்பதற்குச் சாட்சி கிடையாது. ஈட்டி எதைக் குத்தியது, குத்திய பிறகு எது தப்பிப்போய் எங்கே செத்தது என்று மேட்டில் நிற்கிறவர் எதையும் பார்க்க முடியாது. அவர் பார்க்கக்கூடியது இரண்டே விஷயம்: கையில் என்ன இருக்கிறது, வாய்க்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறார். அந்த இரண்டை வைத்துத்தான் விதி எழுதியிருக்கிறார்கள்.

இந்தக் கரையில் வண்டி நிறுத்துமிடம், கழிப்பறை, நடைபாதை எல்லாமே ஓடை வாயை ஒட்டித்தான் இருக்கின்றன, சமதளம் அங்கேதான் கிடைக்கும் என்பதால். ஆகவே வண்டியிலிருந்து நேரே தண்ணீருக்கு நடக்கிற சுபாவமே ஆபத்து. ஈட்டியோடு மணலில் நடந்து போவதைக்கூட நான் தவிர்க்கிறேன். வெறுங்கையோடு போய் இறங்குமிடத்தைப் பார்த்துவிட்டு, வண்டியை அடுத்த வளைவுக்கு நகர்த்தி, அங்கிருந்து கருவியை எடுத்துப் போவோம். கூடுதலாக அரை மணி ஆகும்.

எதற்காக இத்தனை என்று விதிப் புத்தகம் விளக்காது. முகத்துவாரத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

ஒரு நவம்பர் பிற்பகல். முதல் மழை பெய்து சில நாள் ஆகியிருந்தது. ஈட்டியைக் கடையிலேயே வைத்துவிட்டு, மாஸ்க்கும் ஃபின்ஸும் மட்டும் போட்டுக்கொண்டு ஒரு சின்ன ஓடையின் வாய்க்கு வெளியே மிதந்தேன். மேலே ஒரு முழ ஆழத்துக்கு ஓடைத் தண்ணீர், இலை ஊறிய பழுப்பு நிறம். அதற்கடியில் கடல். நன்னீர் கனம் குறைந்தது, உப்புநீர் மேல் படுத்துக்கொண்டு வரும். இரண்டும் சேரும் இடத்தில் பார்வை நடுங்கும், சர்க்கரைப் பாகில் தண்ணீர் விட்டதுபோல. அந்தப் படலத்துக்குக் கீழே தலையை இறக்கியதும் கண் தெளிந்தது. மணலுக்கு ஒரு சாண் மேலே மூன்று மீன்கள், மூக்கை ஓடைப் பக்கம் வைத்து நின்றன. நீலம் பாய்ந்த முதுகு, வெள்ளிப் பக்கம், வாலில் சின்னப் புள்ளிகள். அலை இழுக்கும்போது ஓரடி பின்னால் போய், விட்டதும் அதே இடத்துக்கு வந்து நின்றன. நடுவில் இருந்ததன் முதுகில் கடல்நாய் கடித்த தழும்பு வெளுத்துத் தெரிந்தது. நான் அசைந்தேன், அவை விலகவில்லை. கண்ணுக்கெதிரே ஒன்றரை ஆள் தூரம். எந்த ஈட்டிக்கும் அது எட்டும்.

அவை ஸ்டீல்ஹெட். ரெயின்போ டிரௌட் இனம்தான். ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த தண்ணீருக்கே திரும்பும் வகை. சால்மன் முட்டையிட்டதும் செத்துவிடும். ஸ்டீல்ஹெட் பிழைத்துக் கடலுக்குத் திரும்பி இன்னொரு தடவையும் வரக்கூடும். ஆனால் உள்ளே போவதற்கு ஆற்றில் தண்ணீர் வேண்டும், மணல் உடைந்திருக்க வேண்டும். மழை தாமதித்தால் வாசலில் காத்திருப்பதைத் தவிர அவற்றுக்கு வேறு வழியில்லை. கடல்நாய்களுக்கு இது தெரியும். ஜென்னரில் ரஷ்யன் ஆறு கடலில் சேரும் மணலில் அவை கூட்டமாகப் படுத்திருப்பதை யாரும் போய்ப் பார்க்கலாம். அந்த வாசலில் நானும் ஆயுதத்தோடு போய் நின்றால் அது மீன்பிடிப்பே அல்ல.

கலிபோர்னியக் கடலில் ஈட்டியால் தொடக்கூடாத மீன்களின் பட்டியலில் டிரௌட், சால்மன் இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன. கரிபால்டி, ராட்சத கடல் பாஸ், இரண்டு வகைக் குரூப்பர், வாள்மீன் ஆகியவை மற்றவை. பட்டியலே தடுக்கிறதே, தூரம் வேறு எதற்கு என்று ஒருவர் என்னிடம் வாதாடியிருக்கிறார். அவரை அந்தக் கலங்கல் தண்ணீரில் இறங்கிப் பார்க்கச் சொன்னேன். அங்கே ஸ்ட்ரைப்ட் பாஸும் வரும், அதைப் பிடிக்கலாம். அதுவும் வெள்ளிதான், அதுவும் அதே அளவுதான். கோடு தெரிவதற்குள் விரல் விசையை அழுத்திவிடும்.

தூண்டில்காரருக்கு அந்த இடத்தில் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. ரஷ்யன் ஆற்றில் பொரிப்பகத்தில் வளர்த்து விடும் ஸ்டீல்ஹெட் குஞ்சுகளுக்கு, முதுகில் வாலை ஒட்டி இருக்கும் சின்னக் கொழுப்புத் துடுப்பை நறுக்கிவிடுவார்கள். பெரிதாகி வரும்போது தூண்டில்காரர் மீனைத் தண்ணீரிலேயே வைத்துத் திருப்பிப் பார்ப்பார். துடுப்பு இருந்தால் அது ஆற்றில் தானாகப் பிறந்த மீன். கொக்கியைக் கழற்றி விட்டுவிட வேண்டும். என் நண்பர் ஒருவர் அதை இரண்டு விரலால் தடவியே சொல்லிவிடுவார், மீனின் தலை தண்ணீருக்கு வெளியே வராது. ஈட்டிக்கு இது கிடையாது. முள் மறுபக்கம் வந்த மீனை விட்டுவிடுவது என்ற பேச்சே இல்லை. என் கையில் இருக்கும் கருவி திரும்பப் பெற முடியாத வேலையைச் செய்கிறது என்பதால் என் எல்லை தூரத்தில் போடப்பட்டிருக்கிறது. இதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை.

வாயைத் தாண்டி உள்ளே போனால் புத்தகமே வேறு. மாநில மீன்வளத் துறை கடலுக்கு ஒன்று, நன்னீருக்கு ஒன்று என்று தனித்தனி விதிப் புத்தகம் போடுகிறது. துறையின் பெயர் 2013 தொடக்கத்தில் மாறியது, பழைய ஆட்கள் இன்னும் ‘ஃபிஷ் அண்ட் கேம்’ என்றுதான் சொல்வார்கள். கரையோர ஆறுகளில் முகத்துவாரத்துக்கு மேலே உள்ள தண்ணீர், கடல் ஏற்றத்துக்கு உப்பேறினாலும், உள்நாட்டு நீர்தான். நாக்கில் வைத்துப் பார்த்து முடிவு செய்கிற விஷயம் அல்ல அது. மென்டசீனோவில் பிக் ரிவர் ஆற்றுக்குள் மைல் கணக்கில் கடல் ஏறும். பாசியும் நண்டும் பார்த்துவிட்டுக் கடல்தானே என்று கேட்பார்கள். அல்ல. உள்நாட்டு நீரில் ஈட்டிக்கு இடம் மிகக் குறுகியது, இந்தக் கரையோர ஆறுகளில் அதை நினைக்கவே வேண்டாம் என்று என்னிடம் வருகிறவர்களிடம் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவேன். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குக் கணக்கு தனி, அது கடலோடு சேர்த்தி. ஒரு கரையில் கற்றதை இன்னொரு கரைக்கு அப்படியே கொண்டுபோகக் கூடாது.

2007 முதல் இவற்றின் மேல் இன்னொரு அடுக்கு வந்தது. கடல்சார் உயிர்களைக் காக்கும் சட்டம் ஒன்றை மாநிலம் 1999-இல் கொண்டுவந்திருந்தது. அதன்படி பாதுகாக்கப்பட்ட கடற்பகுதிகளை ஒவ்வொரு கரையாக அறிவித்தார்கள்: நடுக்கரையில் 2007, எங்கள் சோனோமா பக்கம் 2010, தென்கரையில் 2012 தொடக்கம், அதே ஆண்டுக் கடைசியில் வடகரை. அதற்கு முன் நடந்த கூட்டங்கள் மறக்கக்கூடியவை அல்ல. பள்ளிக்கூட அரங்குகளில் படகுக்காரர்கள், டைவர்கள், பழங்குடி மக்கள், விஞ்ஞானிகள் எல்லோரும் வரைபடத்தின் மேல் குனிந்து நின்று நள்ளிரவுவரை சண்டை போட்டார்கள். தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்த பாறை கோட்டுக்குள் போய்விட்டது என்று ஒரு பெரியவர் அழுததைப் பார்த்தேன். அந்த இழப்பு உண்மை, அதைச் சிறிதாகப் பேச எனக்கு மனம் வராது.

முகத்துவாரங்கள் பலவும் அந்தக் கோடுகளுக்குள் வந்தன. ரஷ்யன் ஆறு, நவாரோ ஆறு, பிக் ரிவர், டென் மைல் எல்லாவற்றிலும் இப்போது ஏதாவது ஒரு வகைப் பாதுகாப்பு உண்டு. ரஷ்யன் ஆற்றுக்கு வெளியே 100 கஜம் தள்ளிப் போனாலும் ஈட்டிக்கு அனுமதி இல்லை, பகுதியின் எல்லை முடியும்வரை இல்லை. இரண்டு விதி ஓர் இடத்தில் மோதினால் எது கடுமையோ அதுதான் நம்முடையது என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட பகுதியின் ஊடாக ஈட்டியோடு கடந்து போக வழி வைத்திருக்கிறார்கள்: துப்பாக்கி இழுத்து மாட்டப்படாமல் இருக்க வேண்டும், கையில் பிடித்திருக்கக் கூடாது, ஆள் நீர்மட்டத்திலேயே நீந்த வேண்டும், மூழ்கக் கூடாது. மிதவையில் கருவியைக் கட்டி இழுத்துக்கொண்டு போகலாம். முகத்துவாரத்து 100 கஜ விதியில் அப்படி ஒரு சலுகை எழுதப்படவில்லை. முன்னதைப் படித்தவர்கள் பின்னதுக்கும் அது பொருந்தும் என்று எடுத்துக்கொண்டு, மிதவையில் துப்பாக்கியைக் கட்டி ஓடை வாயைக் கடப்பதை நான் பலமுறை தடுத்திருக்கிறேன்.

கடல் இதற்கிடையே வேறாகிவிட்டது. 2013-இல் நட்சத்திர மீன்கள் நோய் வந்து கரைந்துபோகத் தொடங்கின. அடுத்த வருடங்களில் கடல்நீர் சூடேறியது. நட்சத்திர மீன் தின்றுவந்த ஊதா நிறக் கடல் முள்ளெலிகள் பெருகிக் கெல்ப் கடற்பாசிக் காட்டை மேய்ந்து தீர்த்தன. வடகரையின் கெல்ப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் போய்விட்டது. கெல்ப் தின்று வாழும் அபலோனி பட்டினி கிடந்தது. நான் எடுத்துப் பார்த்தவற்றில் ஓடு பெரிதாக இருக்கும், உள்ளே சதை சுருங்கிக் கிடக்கும். 2018 முதல் அபலோனி எடுப்பதையே மூடினார்கள். நான் வேலை கற்ற கடையும் அதன் பிறகு நிலைக்கவில்லை. அபலோனிக்காக வந்துகொண்டிருந்தவர்களில் ஒரு பகுதியினர் ஈட்டிக்கு மாறினார்கள். இன்று என்னிடம் வருகிறவர்கள் அவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும். மூச்சடக்குவதை நன்றாகக் கற்றவர்கள். ஓடையைப் பற்றித் தெரியாதவர்கள். பாறையில் ஒட்டியிருந்த அபலோனிக்கும் மழைக்கும் சம்பந்தம் இருக்கவில்லை, வாயில் நிற்கும் மீனுக்கு மழைதான் எல்லாம்.

சால்மனின் கதை இன்னும் கடினம். எங்கள் கரையின் கோஹோ சால்மன் 1996-இல் மத்திய அரசின் பாதுகாப்புப் பட்டியலுக்கு வந்தது. 2005-இல் அழிவின் விளிம்பில் உள்ளதாக மாற்றி எழுதினார்கள். ரஷ்யன் ஆற்றின் ஸ்டீல்ஹெட் 1997-இல் பட்டியலில் சேர்ந்தது. ரஷ்யன் ஆற்றில் கோஹோ கிட்டத்தட்ட இல்லை என்ற நிலையில், 2001 முதல் மிச்சமிருந்த குஞ்சுகளைப் பிடித்துப் பொரிப்பகத்தில் வளர்த்து, அவற்றின் சந்ததியை ஓடைகளில் விட்டுக்கொண்டிருக்கிறார்கள். கலிபோர்னியாவில் கடல் சால்மன் பிடிப்பை 2008, 2009-இல் கிட்டத்தட்ட முழுதாக மூடினார்கள். மறுபடி 2023, 2024. படகு வைத்திருக்கும் நண்பர்கள் அந்த வருடங்களில் வலையும் தூண்டிலும் எடுக்காமல் கட்டட வேலைக்குப் போனார்கள். ஒரு முழுத் தொழிலையே நிறுத்திவைத்துக் காப்பாற்றும் மீன் அது. வாசலில் நிற்கும் ஒரு மீனை ஒருவன் தெரியாமல் குத்துவதும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

வடக்கே கிளமாத் ஆற்றுக்குப் போகிறவர்களிடம் இன்னொன்றையும் சொல்லி அனுப்புவேன். அந்த முகத்துவாரம் யூரோக் மக்களின் இடம். மீன்பிடிக்கும் உரிமை அவர்களுக்குச் சட்டப்படியே உண்டு. குளிர்காலத்தில் அலை உடையும் விளிம்பில் நீளக்கம்பின் நுனியில் கொக்கி கட்டி லாம்ப்ரே மீனை அவர்கள் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அலை வடியும் அந்த நொடியில் ஓடிப்போய்க் கொத்தித் தூக்கிக்கொண்டு அடுத்த அலைக்கு முன் திரும்பிவிடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு ‘அவர்கள் செய்யலாம், நாங்கள் ஏன் கூடாது’ என்று கேட்கக் கூடாது. அந்த ஆற்றின் நான்கு அணைகளை 2024-க்குள் எடுத்து முடித்ததில் அவர்களுடைய பல வருடப் போராட்டம் இருக்கிறது. அணை போன அதே இலையுதிர்காலத்திலேயே சால்மன் மேலே ஏறி ஓரிகன்வரை போனது.

100 கஜம் போதுமா என்று கேட்டால், சின்ன ஓடைக்குப் போதும், பெரிய ஆற்றுக்குப் போதாது என்பேன். மழைக்குப் பிறகு பழுப்புத் தண்ணீர் கடலுக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்பதை மேட்டில் நின்றால் யாரும் பார்க்கலாம். பல சமயம் அது 100 கஜத்தோடு நிற்பதில்லை. காத்திருக்கும் மீன் அந்த நிறத்துக்குள்தான் நிற்கும், அளவுநாடாவுக்குள் அல்ல. பெரிய ஆறுகளுக்கு, குறிப்பாக முதல் மழையிலிருந்து குளிர்காலம் முடியும்வரை, இந்தத் தூரத்தைக் கூட்ட வேண்டும் என்று விதி வகுக்கும் ஆணையத்துக்கு எழுதியிருக்கிறேன். ஈட்டிக்காரர்களே இதைக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். தூண்டில்காரர்களோ படகுக்காரர்களோ கேட்டால் எங்களுக்கு எதிராகக் கேட்பதாக ஆகிவிடும். தண்ணீருக்குள் போய் அந்த மீனை முகத்துக்கு நேராகப் பார்த்தவர்கள் நாங்கள்தான்.

இன்னொரு கோரிக்கை சுலபமானது. பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குப் பலகை இருக்கிறது. நான் இறங்கும் ஓடை வாய்களில் இந்த ஒரு வரி விதிக்கு எங்கேயும் பலகை இல்லை. வண்டி நிறுத்துமிடத்தில், கழிப்பறைச் சுவரில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் மாண்டரினிலும் வியட்நாமியத்திலும் அதை எழுதி வைக்கலாம். இந்தக் கரைக்கு ஈட்டியோடு வருகிறவர்கள் பேசும் மொழிகள் அவை. ஃப்ரீமான்ட் பக்கத்திலிருந்து வருகிற நம்மவர்களுக்காகத் தமிழில் நானே எழுதிக் கொடுக்கத் தயார் என்றும் அந்தக் கடிதத்தில் சேர்த்திருக்கிறேன்.